கத்தி படாத தலை

என் வீட்டுக்காரர் வெற்றிச்செல்வனுக்கு நாற்பத்தாறு வயது. தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். கோபமே வராத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் படுகிறேன். முப்பது வயதிலேயே அவருக்கு முன்மண்டை வழுக்கை. நாற்பதில் காதுக்கு மேல் ஒரு வட்டம்தான் மிச்சம். என் மாமனார் தணிகாசலத்துக்கோ எழுபத்து நாலு வயதிலும் கறுகறுவென்று முடி. மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்து சட்டைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார்.

போன வருஷம் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் நேராக என் வீட்டுக்காரரிடம் போய், "உக்காருங்க பெரியவரே" என்றாள். மாமனாரைப் பார்த்து, "நீங்க தம்பிங்களா?" என்று வேறு கேட்டாள். அந்த அவசரத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவரும் சிரித்தார். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

உடம்பு தேறி ரெட்டியார்பாளையம் வீட்டுக்கு வந்ததும் மாமனார் இவரிடம் ஆரம்பித்துவிட்டார். "இப்பல்லாம் முடி நடுறாங்களாம்டா. நூறடி ரோட்ல ஒரு கிளினிக் இருக்குது. போய் என்னா ஏதுன்னு கேட்டுட்டு வரலாம் வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் மாமா, இந்த வயசுல இவருக்கு என்ன பொண்ணா பாக்கப் போறோம்?"

"உனக்குத் தெரியாதும்மா. போட்டோ எடுத்தா அவன் பின்னாடி போய் ஒளிஞ்சிக்கிறான். பதினஞ்சு வருசமா பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

அன்று மதியம் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மகளின் காதுகுத்து, என் தம்பி கல்யாணம், வேளாங்கண்ணி போனது. எல்லாவற்றிலும் இவர் யாருடைய தோளுக்குப் பின்னாலோதான் இருந்தார். சிலவற்றில் பாதி நெற்றிதான் தெரிந்தது. கூடவே படுத்து எழுந்திருக்கிற எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் நானே, "போய்ட்டுதான் வாங்களேன்" என்றேன்.

இவர் இரண்டு மாதம் யோசித்தார். வலிக்குமா, கம்பெனியில் கேலி செய்வார்களா என்று ஆயிரம் கேள்வி. கடைசியில் மாமனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தலையை மழுங்க மழித்து, பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு முடியாக எடுத்து முன்னால் நட எட்டு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் மாமனார் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனபோது அங்கே வந்திருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரையும் சிநேகம் பிடித்து வைத்திருந்தார்.

"அதோ அந்த அண்ணன் கண்ணுக்குக் கீழ பை எடுக்க வந்திருக்காரு. இந்தத் தம்பிக்கு நெத்திச் சுருக்கத்துக்கு ஊசி" என்று என் காதில் ரகசியம் சொன்னார். அவர் ரகசியம் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த ஒருவர்கூடச் சிரித்துவிட்டார்.

சாயங்காலம் டாக்டர், "ஒரு மாசத்துக்குத் தலையில கத்தி படவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று இவர் திருதிருவென்று விழித்தார். "மயிலம் முருகனுக்கு வேண்டுதல், மொட்டை போட்டுட்டு வந்தாருன்னு சொல்லிடலாம்" என்றேன். என் வாய்தான். எதிர்வீட்டுக்காரி பிரசாதம் கேட்டாள். பூஜை அலமாரியிலிருந்த விபூதியை மடித்துக் கொடுத்தேன். பாகூரில் விவசாயம் பார்க்கும் மாமனாரின் தம்பி சுப்பிரமணியனிடமும் போனில் அதையே சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

பத்தொன்பதாம் நாள் காலை, காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்த மாமனார் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வழக்கத்தில் கொள்ளி வைக்கிற பிள்ளைக்கு, உடல் கிளம்புவதற்கு முன் வாசலில் உட்காரவைத்துத் தலையும் மீசையும் எடுப்பார்கள். முடிவெட்டுகிற அன்பழகன் கத்தியோடு வந்தார். இவர் தலையில் முள்முள்ளாக முடி முளைத்திருந்தது. "தலைய மட்டும் உட்டுடுங்களேன்" என்று இவர் மெல்லச் சொன்னதுதான் தாமதம், சுப்பிரமணியன் மாமா எகிறிவிட்டார்.

"ஏன்டா, முருகனுக்குக் குடுப்ப, பெத்த அப்பனுக்குக் குடுக்க மாட்டியா? முடியாதுன்னா சொல்லு, எம்புள்ள கொள்ளி வைக்கட்டும்."

பொய் சொன்னவள் நான், பேச்சு வாங்குவது அவர். என்றைக்கும் மூடாத வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. இவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மனைப்பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து, "எடுங்கண்ணே. முடி போனா போவுது, எங்கப்பாவுக்கு நான்தான் வைப்பேன்" என்றார். அன்பழகன் இவர் தலையில் தண்ணீரைத் தெளித்தார்.

"நிறுத்துப்பா!"

என் மாமியார் ராஜாம்பாள். உடலருகே அழுதுகொண்டிருந்தவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, அவன் மயிலத்துக்குப் போவல. முடி நட்டுக்கினு வந்திருக்கான். கூட்டிப் போனதே உங்கண்ணன்தான். ஒரு மாசம் கத்தி படக் கூடாதாம். அன்னிக்கு ராத்திரியே எங்கிட்ட சொன்னாரு, 'அதுக்குள்ள எனக்கு எதுனா ஆயிட்டா, புள்ள தலைல கத்தி வைக்க உட்டுடாத ராஜாம்பா. அவன் மொட்ட அடிக்கலன்னா எனக்கு ஒண்ணும் கொறையாது'ன்னாரு. இத மீறி யாரும் அவன் தலையத் தொடக் கூடாது."

இது எனக்கே தெரியாது. இவருக்கும் தெரியாது. காலையிலிருந்து கல் மாதிரி இருந்த மனிதர், "அப்பா" என்று ஓவென்று அழுதார்.

சுப்பிரமணியன் மாமா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அன்பழகனிடம், "மீசைய மட்டும் எடுப்பா" என்றார். பிறகு என் பக்கம் வந்து, "ஏம்மா சரிதா, தலைல வெயில் படலாமா?" என்று கேட்டார்.

"கூடாதுங்க சின்ன மாமா."

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. இவர் நெருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, சுப்பிரமணியன் மாமா குடையை விரித்து இவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் வெயிலிலேயே நடந்தார். தெருமுனை வரைக்கும் போய் நின்று பார்த்தேன். துக்க வீட்டில் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டதற்கு அன்றைக்குத்தான் கடவுளை மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டேன்.