விருந்தாளித் தட்டு

எங்கள் வீட்டில் ஓரத்தில் பூ வெட்டிய எவர்சில்வர் தட்டு ஒன்று இருக்கிறது. தாராபுரத்திலிருந்து என் அண்ணன் வந்தால் அதில்தான் சோறு போடுவேன். அவர் பஸ் ஏறியதும் கழுவித் துடைத்து, பழைய துண்டில் சுற்றிச் சிலாப்பில் வைத்துவிடுவேன். எனக்கும் என் மகனுக்கும் நசுங்கிய தட்டுகள் போதும்.

மகன் கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அந்தப் பூத் தட்டை எடுத்தேன்.

அவன் எனக்குக் காலம் கடந்து பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து "அம்மிச்சிங்களா?" என்று, பாட்டி என நினைத்துக் கேட்பார்கள். கோர்ட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள். அவன் அப்பா அவன் சிறுசாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அன்னூர்ப் பக்கம் ஒரு மில் கேண்டீனில் சமைத்து அவனை வளர்த்தேன். பத்தாவது முடித்த லீவில் கூட்டாளிகளோடு சேர்ந்து, கடை வாசலில் நின்ற ஒரு பைக்கை எடுத்துக்கொண்டு ஈரோடு வரைக்கும் போய்விட்டான். அங்கே விற்கப் பார்க்கும்போது பிடிபட்டார்கள். சின்ன வயது என்பதால் ஜெயில் இல்லை, இல்லத்தில் வைத்திருந்தார்கள். பிறகு, வாராவாரம் மனநல ஆலோசகர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பையன் ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லி என்னோடு அனுப்பினார்கள்.

போனவன் வேறு, வந்தவன் வேறாக இருந்தான். முன்பெல்லாம் வந்ததும் பையை எறிவான். வாணலியில் கை விட்டு வறுவலைத் தின்பான். சாப்பிட்ட தட்டை ஒதுக்கி வைத்த கருவேப்பிலையோடு அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு ஓடுவான். நான் தெரு முனை வரைக்கும் கேட்கத் திட்டுவேன். வெளியாள்களிடம் எனக்கு வாய் வராது. எனக்கிருந்த வாயெல்லாம் அவனிடம்தான்.

வந்தவனோ, "தண்ணி குடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டான். சாப்பிட்டதும் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பாயைச் சுருட்டி மூலையில் நேராக நிறுத்தினான். கதவைத் தாழ்ப்பாள் போட்டால் எழுந்து உட்கார்ந்துகொண்டான். அதனால் கதவைச் சாத்தாமலே இருந்தோம்.

பிள்ளை நொந்து வந்திருக்கிறான் என்று நான் ஒரு வேலையும் சொல்லவில்லை. அவன் அப்பாவின் சேரில் உட்கார வைத்தேன். கறி எடுத்தால் நல்ல துண்டாகப் பார்த்துப் பூத் தட்டில் வைத்தேன். அவன் குனிந்தபடி மரியாதையாகச் சாப்பிட்டான். என் பிள்ளை என் எதிரில்தான் இருந்தான், எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஆலோசகர் ஒரு சின்னப் பெண். செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டரில் வரும். இரண்டு பேரும் வாசலில் தண்ணித் தொட்டி மேல் உட்காருவார்கள். முதலில் அந்தப் பெண் மட்டும் பேசும், இவன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அவனும் கொஞ்சம் பேசினான். நான் காபியை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். "எப்படி இருக்கான் அம்மா?" என்று கேட்டால், "நல்லா இருக்கானுங்க அம்மணி" என்பேன். அதற்கு மேல் வராது.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் சமையல்கட்டுக்கே வந்து, நான் உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தில் பாதியைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டது.

"சேலைல கறை ஆயிருமுங்க அம்மணி."

"ஆகட்டும். முன்னாடியெல்லாம் இவனை என்னன்னு கூப்புடுவீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. "எருமைன்னுதாங்க."

"இப்ப?"

"இப்ப எப்படீங்க? பாவமுங்க."

அந்தப் பெண் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டது. வெங்காயம்தான். "அவனைக் கேட்டுட்டுத்தான் இதைச் சொல்றேன். 'எங்கம்மா என்னைத் திட்டறதே இல்லைங்க மேடம், மாமாவுக்கு வெக்கற தட்டுல சோறு வெக்கறாங்க. நான் இங்க எத்தனை நாளைக்கு இருப்பேன்னு நினைக்கறாங்க?'ன்னு கேட்டான்."

நான் உரித்த வெங்காயத்தைத் தோலோடு போட்டுவிட்டேன்.

"வேலை சொல்லுங்க அம்மா. கோவம் வந்தா திட்டுங்க. அவனை விருந்தாளி ஆக்கிப் போட்டீங்க."

அன்று சாயங்காலம் திட்டிப் பார்த்தேன். "டேய்" என்று ஆரம்பித்தேன். அவன் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றான். "ஒண்ணுமில்ல கண்ணு, சாப்புடு" என்றுவிட்டேன். சொல்லிக் கொடுத்தால் வருமா திட்டு?

எங்கள் லைன் வீடுகளுக்கு நல்ல தண்ணி என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கொஞ்ச நேரம்தான். ஒரு நாள் காலையில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு பைப்பைத் தன் டிரம்மில் போட்டிருந்தாள். இவன் வந்த நாளிலிருந்து, இவன் வாசலைத் தாண்டினாலே, "டேய், வண்டிச் சாவியை எடுத்து உள்ள வையி" என்று தன் மகனிடம் உரக்கச் சொல்கிறவள். நான் குடங்களை இழுத்து வைத்தேன். இடுப்பில் சுரீர் என்றது. திரும்பிப் பார்த்தால் இவன் சேரில் கையைக் கட்டிக்கொண்டு, யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தான்.

"ஏன்டா எருமை, நான் இங்க இடுப்பொடிஞ்சு சாகறேன், நீ வேடிக்கை பாக்கறயா? வந்து பைப்பப் புடிடா."

தெருவே கேட்டிருக்கும். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கத்தாதம்மா, வாரேன்" என்று எழுந்தான்.

வந்தவன் நேராகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் போனான். "ஏனுங்க அத்தை, உங்க டிரம்மு நெறஞ்சு சாக்கடைல போகுதுங்க. பைப்பக் குடுங்க."

"வந்துட்டாரு, கேக்கறவரு."

"கேக்காம எடுத்தாத்தானுங்க தப்பு?"

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பைப்பைக் கொடுத்துவிட்டாள். அன்று எல்லாக் குடங்களையும் அவன்தான் நிறைத்தான். மத்தியானம் சமையல்கட்டில் நின்றுகொண்டே நசுங்கிய தட்டில் போட்டுத் தின்றான். பிறகு, "வெயிலடிக்குதும்மா" என்று அவனே கதவைச் சாத்திவிட்டு வெறுந்தரையில் படுத்தான். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் அரைக்க வேண்டியதை அரைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் அந்தப் பெண்ணே கூட்டிப் போனது. கொஞ்ச காலம் மாத்திரை சாப்பிட்டான். பழைய கூட்டாளிகள் வந்து நின்ற நாள்களும் உண்டு. அப்போதும் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஸ்கூட்டர் வந்தது. பிறகு, இனி வர வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. கடைசியாக வந்த அன்று அந்தப் பெண்ணுக்குப் பூத் தட்டில் சோறு போட்டேன். "இது எனக்குத்தான் சரி" என்று சிரித்தது. இன்றும் செவ்வாய்க்கிழமை தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் காபிப் பாத்திரத்தை எடுத்துவிடுகிறேன்.

மகன் இப்போது ஈரோட்டில் ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, அங்கேயே தங்கியிருக்கிறான். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வருவான். எந்த ஞாயிறு என்று சொல்லமாட்டான். அதனால் எல்லா ஞாயிறும் அவனுக்கும் சேர்த்தே அரிசி போடுகிறேன்.

போன தடவை ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கு மனசு கெட்டுப்போனது.

"ஏன்டா, சொந்த ஊட்டுக்கு வர்றவன் இப்படிப் பையத் தூக்கிட்டு வருவானா?"

"நீ தட்ட மாத்தாம வெச்சியின்னா சரி" என்றான்.

நசுங்கிய தட்டில்தான் வைத்தேன். அள்ளி அள்ளித் தின்றான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கை கழுவிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே ஓடினான். நான் வாசலுக்கு வருவதற்குள் முனையைத் தாண்டிவிட்டான்.

உள்ளே வந்து பார்த்தேன். தட்டைக் கழுவாமல் தொட்டியில் போட்டிருந்தான். ஓரத்தில் கருவேப்பிலையும் மிளகாயும் ஒதுக்கி வைத்திருந்தது. திட்டலாமென்றால் ஆளில்லை. விளக்கு வைக்கிற வரைக்கும் அதை நான் கழுவவில்லை.