ஏழு டைல்ஸ் தூரத்தில் ஒரு குட்டு

என் மாமா சேக் முகைதீன் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்ப்பவர். எட்டுத் தறிக்கு அவர் ஒருத்தர்தான் காவல். நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். எதிர்த்த டீக்கடையில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தாலும், சத்தத்தை வைத்தே எந்தத் தறி என்று கண்டுபிடித்து, "ஏழு நின்னுட்டு" என்று மீதி வடையோடு ஓடுவார். அந்த இரைச்சலிலேயே கிடந்ததால் அவர் யார் காதிலாவது ரகசியம் சொன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸுக்கு நிற்பவன் திரும்பிப் பார்ப்பான்.

போன மாதம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொல்பேச்சு கேட்காமல் போயின. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே எழுப்பி உட்கார வைத்தார்கள். மாமா யாரிடமும் சொல்லாமல் பாத்ரூமுக்குக் கிளம்பி விழுந்தார். காயமில்லை. பயம் மட்டும் ஒட்டிக்கொண்டது, குரலும் சின்னதாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு கட்டிலை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார்.

பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் நஸீபா அக்கா கண்டிப்பாகச் சொன்னார்: "இந்த மொத ரெண்டு மூணு மாசந்தான் முக்கியம் மாமா. இப்பம் படுத்தே கெடந்தா பொறவு நடக்கது ரொம்பக் கஷ்டம்."

"இது என் காலே இல்லம்மா. எவன் காலையோ மாத்தி அனுப்பிட்டானுவ."

"அப்பம் அதே பித்தவெடிப்பு எப்படி வந்துச்சாம்?" என்றார் நூர்னிசா மாமி.

நான் பத்தாவதில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். ஆனாலும் யோசித்தேன். தறிக்கூடத்துக்குப் போய்ச் சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, நஸீபா அக்காவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். மாமா முகம் தெளிந்தது. அக்கா அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். தறிச் சத்தத்தைப் படக்கென்று நிறுத்தினேன்.

"ஏலே, நின்னுட்டுலே!"

மாமா எழுந்தேவிட்டார். அப்புறம்தான் எதிரில் தறியில்லை, போனும் கையுமாக நான் நிற்கிறேன் என்று தெரிந்தது.

"அஃப்சலு! ஒன் வேலையால இது? நில்லுலே, ஒரு குட்டு வச்சாத்தான் எனக்கு ஆறும்."

வழக்கமாக இந்நேரம் நான் மூன்றாவது தெருவில் இருப்பேன். அன்று ஒரே ஒரு டைல்ஸ் பின்னால் போனேன். "முடிஞ்சா வந்து வைங்க மாமா."

வலது கால் வந்தது. பெல்ட்டைப் பிடித்தபடி அக்கா வந்தார். தரையைத் தேய்த்துக்கொண்டு இடது காலும் வந்தது. இன்னொரு டைல்ஸ் பின்னால் போனேன்.

"ஏலே, அவியள அலைக்கழிக்காதல!" என்று மாமி கத்தினார். கத்திக்கொண்டே வழியில் கிடந்த செருப்பை ஒதுக்கி, நாற்காலியைப் பின்னாலேயே நகர்த்தி வந்தார்.

ஏழாவது டைல்ஸில் மாமாவுக்கு அடுத்த அடி வரவில்லை. கட்டில் எம்புட்டுத் தூரத்தில் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். பழைய பயம் கண்ணுக்கு வந்துவிட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். தலையையும் கொஞ்சம் குனிந்துகொண்டேன்.

குட்டு விழுந்தது. கொசு உட்கார்ந்த மாதிரி இருந்தது. "அய்யோ, மண்ட போச்சே!" என்று தெருவே கேட்க அலறினேன்.

மாமா நாற்காலியில் சாய்ந்து செத்த நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என்னைவிடப் பெரிய சத்தத்தில், பழைய தறிக்கூடக் குரலில் சொன்னார்:

"நாளைக்கும் வாலே. அந்தச் சத்தத்த மட்டும் வேற பிடிச்சிட்டு வா. மூணாம் தறிக்கு ஆயில் பத்தல."