வைக்கோல் பாரத்துக் கயிறு

பர்வதமலைக்குப் போவதென்று முடிவானதும் என் மாமா செய்த முதல் வேலை, டிராக்டர் கொட்டகைக்குப் போய்க் கயிறு எடுத்துவந்ததுதான். வைக்கோல் பாரம் கட்டுகிற கயிறு அது. என் கட்டைவிரலைவிடத் தடிமன். முனையில் கிரீஸ் கறை. பெருநகருக்கும் உத்திரமேரூருக்கும் இடையே டிரெய்லரைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிப் போகிறவர் அவர். ஒரு கட்டுகூட வழியில் விழுந்ததில்லை என்பது அவருடைய பெருமை. சாலையோரப் புளியமரங்களில் தொங்கிக்கொண்டிருக்கும் வைக்கோலைப் பற்றி யாரும் அவரிடம் கேட்டதில்லை.

அந்த வருடம் எனக்கு டெங்கு வந்து பிழைத்திருந்தேன். எட்டு வயது. மகள் எழுந்து நடந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு மலையேறுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஷிப்டு மாற்றிக் கொடுக்கவில்லை. ஆகவே மாமா, அம்மா, நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூட அம்மா சுவரோரம் போகமாட்டாள். அதை ஒரு பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

படிகளும் காட்டுப் பாதையும் முடிந்து, பாறை நேராக நிமிர்கிற இடத்துக்கு வெயில் ஏறுமுன் வந்துவிட்டோம். பாறைக்குள் இரும்புக் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருந்தார்கள். அவைதான் படி. பிடித்துக்கொள்ள ஓரத்தில் சங்கிலி. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கீழே நாங்கள் கடந்துவந்த மரங்கள் கொத்தமல்லிக் கட்டுகளைப் போலக் கிடந்தன.

மாமா கயிற்றை முதலில் தன் இடுப்பில் கட்டினார். நாலைந்து முழம் விட்டு என் இடுப்பில். இன்னும் நாலைந்து முழம் விட்டு அம்மாவின் இடுப்பில்.

"எதுக்குடா மாட்டக் கட்ற மாதிரி?" என்றாள் அம்மா.

"வைக்கப் பாரத்துல ஒரு கட்டு மட்டும் தனியா வுழுந்து பாத்துக்கீறியாக்கா? சேத்துக் கட்டுனா சேந்து நிக்கும். கம்முனு வா."

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. முன்னால் மாமா, பின்னால் அம்மா, நடுவில் நான்.

அப்போது மேலேயிருந்து இறங்கிவந்த இளைஞன் ஒருவன் எங்களைப் பார்த்து நின்றான். "அண்ணே, கயிற மேல எதுலயும் கட்டலயே. ஒருத்தர் ஸ்லிப் ஆனா மூணு பேரும் போவீங்க."

"உன் வாய்ல நல்ல வார்த்தையே வராதா தம்பி? சாமி மலைல நின்னுகினு பேசற பேச்சா இது?"

அவன் சண்டைக்கு வரவில்லை. "கைய மாத்தறப்பல்லாம் ரெண்டு காலும் ஒரு கையும் இரும்புல இருக்கணும். அத்த மட்டும் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறினோம். பாதி தூரத்தில் என் இடுப்பைக் கயிறு சட்டென்று கீழே இழுத்தது. என் கால் ஒன்று கடப்பாறையிலிருந்து நழுவியது. இரண்டு கையாலும் சங்கிலியைக் கட்டிக்கொண்டேன். மேலே மாமாவும் பின்னுக்குச் சாய்ந்து, "யாரது? யாரது?" என்று கத்தினார். குனிந்து பார்த்தேன். புடவைக் கொசுவத்தை மிதித்த அம்மாவின் ஒரு கால் வெறும் காற்றில் இருந்தது. அது தேடித் தேடி, கடைசியில் இரும்பைக் கண்டுபிடித்தது.

பிறகு கயிற்றில் சின்னச் சின்ன அசைவுகள். மறுபடியும் குனிந்தேன். அம்மா ஒரு முழங்கையைக் கடப்பாறையில் வளைத்துக் கோத்துக்கொண்டு, மறு கையால் தன் இடுப்பு முடிச்சை நெம்பிக்கொண்டிருந்தாள். முகம் பாறையில் அழுந்தியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"யம்மா, இன்னாமா பண்ற?"

"திரும்பாத. மேல பாரு."

"அவுக்காதம்மா!"

"ரெண்டு காலு, ஒரு கை. சொல்லிக்கினே ஏறு பாப்பா."

கயிற்றின் முனை விடுபட்டு, எனக்குக் கீழே ஆடியது. இடுப்பில் இருந்த கனம் போய்விட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அழுதுகொண்டே, ரெண்டு காலு ஒரு கை என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். உச்சியில் மாமா என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அம்மாவின் தலை தெரியவில்லை. மாமா விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, "யக்கா, யக்கா" என்று கூப்பிட்டபடியே இருந்தார். வழக்கமாக எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனிதர், அப்போது ஈரமில்லாத உதட்டை நக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கை வந்து சங்கிலியைப் பற்றியது. பிறகு அம்மா.

பாறையில் உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிட்டாள். நான் மாமாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். சாமி கும்பிட்டபோதும் அவர் பக்கத்தில்தான். புளிசாதத்தை அவர் தட்டிலிருந்து தின்றேன்.

இறங்கும்போது மாமா கயிற்றைப் பிரித்தார். அம்மா அதை வாங்கிச் சுருட்டிப் பையில் திணித்தாள்.

"இத வைக்கலுக்குக் கட்டு" என்றாள்.

அவள்தான் முதலில் இறங்கினாள். அவளுக்கு நேர் மேலே நான். என் கணுக்காலை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கடப்பாறையில் வைத்து, "வெச்சிட்டியா? அழுத்து" என்றாள். "குயந்தைக்கு நேர் கீய நிக்காதக்கா, ஓரமா ஒதுங்கி எறங்கு" என்று மாமா மேலேயிருந்து கத்தினார். அவள் ஒதுங்கவில்லை. என் குதிகால் இரண்டு முறை அவள் உச்சந்தலையில் இடித்தது. என் பாதத்து மண் அவள் முடியில் கொட்டியது. பாறையின் அடிவரைக்கும் எனக்கு நேர் கீழேயே இருந்தாள்.

ஏறும்போது என்னை விட்டுவிட்டதற்குப் பரிகாரமாகத்தான் இப்படி விழுந்து விழுந்து கவனிக்கிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு லேசில் சமாதானமாகிவிடக் கூடாதென்று, வந்தவாசி வரும்வரை பேருந்தில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.