கண்டாச்சிபுரத்துப் பாறையும் ஒரு கல்லு வீடும்

காலை 6.40. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டியேறிச் சன்னலோர இருக்கையைப் பிடித்தேன். தொலைவு முப்பத்தெட்டு கிலோமீட்டர். கட்டணம் முப்பத்தைந்து ரூபாய். கைப்பையில் நான்கு பக்கக் குறிப்பு இருந்தது. கல்லூரிப் பட்டிமன்றங்களில் தோற்றுப் பழகாதவள் நான். ஆயினும், ஒரே ஒருவர் அமர்ந்து கேட்கப்போகும் அவைக்கு ஆயத்தமானது அதுவே முதன்முறை.

அந்த ஒருவர் ஆரோக்கியம், என் வகுப்புத் தோழி ரெஜினாவின் அக்காள் கணவர், லாரி ஓட்டுநர். அக்காள் ஸ்டெல்லா குயிலாப்பாளையத்தில் பிறந்து, திருமணத்துக்கு முன் ஒன்பது ஆண்டுகள் அங்கே கட்டடக் கல் அமுக்கும் பட்டறையில் உழைத்தவர். செம்மண்ணோடு மணலும் சிறிது சிமென்ட்டும் கலந்து, இயந்திரத்தில் அமுக்கி, சூளையில் சுடாமல் நீர் தெளித்தே இறுக வைக்கும் கல் அது. இரு குடும்பங்களிலும் சொந்த மனை வாங்கிய முதல் இணை இவர்களே. அம்மனையின் மேற்கு எல்லையில், நிறுத்திவைத்த லாரியைப்போல் ஒரு பெரும் பாறை. அதை விட்டுவைத்து, மனையில் தோண்டும் மண்ணிலேயே கல் அமுக்கிக் கட்ட வேண்டும் என்பது அக்காளின் விருப்பம். பாறையை உடைத்து, தரையைச் சமமாக்கி, தம் தம்பி கட்டியதைப்போலவே கான்கிரீட் வீடு எழுப்ப வேண்டும் என்பது ஆரோக்கியம் மாமாவின் முடிவு. பாறை உடைக்கும் பொக்லைன் அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. அதற்குள் அவர் மனத்தை மாற்றுவதே எனக்கிடப்பட்ட பணி.

8.20. விழுப்புரத்திலிருந்து கண்டாச்சிபுரம் இருபத்தைந்து கிலோமீட்டர். கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். நகரம் முடிந்ததும் கரம்பு நிலமும் ஏரியும் வந்தன. பிறகு ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய பாறைக் குன்றுகள். அவற்றின் அடியில் ஆடுகள் நிழல் தேடிப் படுத்திருந்தன. சாலையோரத்துப் புது வீடுகளோ இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையுமாய், வேறெங்கிருந்தோ கொண்டுவந்து இறக்கியவைபோல் நின்றன. மல்லாட்டை எனும் நிலக்கடலை மூட்டையோடு அருகில் அமர்ந்திருந்த அம்மாள் என் பார்வையைக் கவனித்தார்.

“இன்னாம்மா, வீடு பாக்கிறியா? கட்டுனவங்கள்லாம் உள்ள சூடு தாங்காம வாசல்ல கட்டில் போட்டுக்கினு படுத்துக் கெடக்கிறாங்க. நீ எதுக்குப் பாக்கிற?”

அதையும் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

10.00. கண்டாச்சிபுரத்திலிருந்து மலையடிக்கு மூன்று கிலோமீட்டர். பங்கு ஆட்டோவில் பதினைந்து ரூபாய். மனையில் சுண்ணாம்புக் கோடுகளால் அறைகளை வரைந்து வைத்திருந்தார் அக்காள். பாறைக்கும் சுவருக்கும் இடையே மூன்றடி இடைவெளி; மழைநீர் அவ்வழியே இறங்கி, மண் எடுத்த பள்ளத்தில் தேங்கும். மேற்கு வெயிலைப் பாறை மறிக்கும். கோடுகளுக்கு நடுவே நின்றபோதே அந்த வீடு எனக்குப் பிடித்துவிட்டது.

“வாம்மா, வக்கீலம்மா! அக்காக்காரி கேஸைக் குடுத்துட்டாளா?” என்று சிரித்துக்கொண்டே வந்தார் மாமா.

11.00. பாறைக்கு முதுகு காட்டி நின்று பன்னிரண்டு நிமிடம் பேசினேன். வெப்பத்தைச் சொன்னேன், நிழலைச் சொன்னேன், நீர் ஓடும் திசையைச் சொன்னேன். மாமா தலையசைத்தார். அந்த ஊக்கத்தில் குரலை உயர்த்தி, “மண்ணிலிருந்து எழுந்து, மண்ணோடு இயைந்து நிற்கும் மண் வீடே மாந்தர்க்கேற்ற வீடு!” என்று முடித்தேன்.

அவர் முகம் மாறியது.

“மண்ணு வீடா? ஸ்டெல்லா, கல்லு வீடுன்னுதான சொன்ன?”

செங்கல்லைக் கல் என்றே வழங்கும் ஊர் அது. கல்லு வீடு என்றால், இனி மழைக்கு அஞ்ச வேண்டாம் என்று பொருள்.

“நீ மண்ணு வீட்ல பொறந்தியாம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லை, மாமா.”

“நான் பொறந்தேன். ஒரு மழையில செவுரு உழுந்துச்சு. நாலு நாளு பள்ளிக்கூடத்துல படுத்துக்கினு இருந்தோம். மறுபடி அதுக்கா இத்தினி வருசம் லாரி ஓட்டுனேன்?”

குறிப்பை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அக்காள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஆறு மாசமா கல்லு கல்லுன்னு சொல்லிக்கினு வர்றேன். பன்னெண்டு நிமிசத்துல மண்ணாக்கிட்டியே, பாப்பா!”

பிறகு அவர் வாதிடவில்லை. மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மிலிருந்து, அமுக்கிய கல் ஒன்றைத் தூக்கிவந்து கணவர் கையில் கொடுத்தார்.

“ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து போட்டது. நாலு நாளா ஊறுது. பாறை மேல அடி. உடைஞ்சா வண்டிக்காரருக்கு நானே வழி காட்றேன்.”

மாமா மார்புயரம் தூக்கி அறைந்தார். கல் துள்ளி விழுந்தது. மறுபடியும் அறைந்தார். மூன்றாம் முறை, ஒரு முனையில் புளியங்கொட்டையளவு சில்லு தெறித்தது. அவர் கல்லைப் பார்க்கவில்லை. தம் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ஈரம் இருந்தது, மண் இல்லை.

“ஒட்டலியே,” என்றார்.

2.00. பொக்லைன் வந்தது. மாமா பாறையை ஒருமுறை சுற்றி வந்தார்.

“பாறைய உடு. கோட்டுக்கு இந்தாண்ட கடக்கால் மட்டும் தோண்டு.”

“பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டிக்கினு வந்துட்டேனே, அண்ணே!”

“கழட்டிட்டு மண்ணு அள்ற பக்கெட்டு மாட்டு. ஜல்தி.” பிறகு அக்காளிடம் திரும்பி, “எம் தம்பி கேட்டா இது கல்லு வீடு. தெரிஞ்சுதா?” என்றார்.

“நான் எப்ப மாத்திச் சொன்னேன்?” என்றார் அக்காள்.

4.10. புறப்படும்போது பாறையின் நிழல் சமையலறைக் கோட்டைத் தாண்டியிருந்தது. அக்காள் அந்த நிழலில் குந்தி, அடுப்பு எங்கே வரும் என்று விரலால் கீறிக்கொண்டிருந்தார். மாமா சாலைவரை வந்தார்.

“ஃபாதர் வந்து பண்ற வீடு மந்திரிப்புக்கு அவசியம் வரணும்மா. ஆனா மைக்கு உனக்குக் கெடையாது.”

மாலை 7.15. திண்டிவனம். எங்கள் வீட்டு மேற்குச் சுவர் அந்நேரத்திலும் கையைச் சுட்டது.

“வீடு கட்டுறதுக்கு முன்னாடி இங்க என்னப்பா இருந்துச்சு?” என்று அப்பாவைக் கேட்டேன்.

“காலி மனைதாம்மா.”

எதிர்வாதம் நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிவிட்டு, “அதுல என்ன மொளைச்சிருந்துச்சு?” என்றேன்.

அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, பின்கட்டு விளக்கைப் போட்டு, சிமென்ட் தரையைச் சற்று நேரம் பார்த்தார்.

“இந்த மூலைல ரெண்டு ஈச்ச மரம் இருந்துச்சு,” என்றார்.