புஷ்பத்துக்கு வந்த குரல்

புஷ்பத்துக்கு வந்த குரல் என்னுடையது. வானொலி அறிவிப்பாளருடையது அல்ல... என்னுடையது! இன்றுவரை அவளிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவளைச் சந்திக்கப் போவதில்லை என்ற தைரியத்தில்தான் சொல்கிறேன் என்பதையும் மறைக்கவில்லை.

இலங்கையில் எஹலியகொட என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. பழுதான கைபேசிகளைத் திருத்துவது தொழில். மழை பெய்தால் றப்பர் தோட்டங்களில் பால் வெட்டு கிடையாது. அன்றைக்கு என் கடை நிறைந்துவிடும். மழையில்லாத காலைகளில் திருத்திய போன்களை நானே எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கு ஏறிப்போவேன்.

அந்தக் காலைகளை எப்படிச் சொல்வேன்! பனிப்புகார் மூடிய மலை... மரத்துக்கு மரம் பால் பிடிக்கும் சிரட்டை... பால் வெட்டுகிறவர்கள் எல்லோருடைய இடுப்பிலும் ஒரு போன், எல்லாவற்றிலும் அதே வானொலி, அதே அறிவிப்பாளர். ஆள் தெரியாது, குரல் மட்டும் மலை முழுக்க நிற்கும். மரங்கள்தாம் பேசுகின்றன என்று மயங்கி நின்றிருக்கிறேன்.

அவர் பெயர் வேண்டாம். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு அவருடைய குரல் அப்படியே வரும், அதுதான் வினை. இளவயதில் அறிவிப்பாளர் தேர்வுக்கு இரண்டு தடவை போனேன். "அவரைப் போலவே பேசுகிறீர்கள், அவர்தான் ஏற்கெனவே இருக்கிறாரே" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து கேகாலையில் ஒரு மாநாடு நடத்தத் தீர்மானித்தோம். இரண்டு மாவட்டத்து ரசிகர்கள், பெரிய மண்டபம், அவரே நேரில் வருகிறார்! தொண்டர்களைத் திரட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கையைத் தூக்கி வாங்கிக்கொண்டேன். அவருக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்ற ஆசை.

கைதட்ட ஆள் சேர்ப்பது சுலபம். நாற்காலி தூக்க, தண்ணீர் கொடுக்க, வாசலில் நிற்க ஆள் சேர்த்துப் பாருங்கள், அப்போது தெரியும்! வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டினார்கள். கூட்டம் போட்டால் நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தேநீரோடு கொடுத்த ரோல்ஸுக்காக வந்தவர்கள். கெஞ்சினேன், தொண்டர் அட்டை தருகிறேன் என்றேன், தொப்பி தருகிறேன் என்றேன். சிங்களத்தில் 'ஹரி', அதாவது சரி, என்று தலையாட்டிவிட்டு, "பாப்போம் நானா" என்றார்கள். எல்லோருக்கும் நான் நானா, அண்ணன். அந்தப் 'பாப்போம்' எனக்குத் தெரியாததா?

பால் வெட்டுகிற புஷ்பம் வந்தால் அவளுடைய தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்கிற வேலையை வாய் திறக்காமல் நடத்துகிறவள் அவள். வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குத் திக்குவாய்.

"நா... நான் வாசல்ல நின்னா சி... சிரிப்பாங்க நானா. என்னய விட்டுருங்க."

ஒரு மழைநாளில் அவள் தயங்கித் தயங்கி ஒன்று சொல்லியிருந்தாள். ஒருமுறை வானொலிக்கு அழைத்தாளாம். இணைப்பும் கிடைத்துவிட்டது. அந்தக் குரல் "வணக்கம், யார் பேசுவது?" என்று கேட்டதும் நாக்கு எழவில்லை. வைத்துவிட்டாளாம். இதை என்னை நம்பி என்னிடம் மட்டும் சொன்னாள்.

அதைத்தான் எடுத்தேன்!

மதிய மழையில் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, போனை உதட்டருகே பிடித்து, அவருடைய குரலில் பேசினேன். "வணக்கம் புஷ்பம். அன்று நீங்கள் பேசாமலே வைத்துவிட்டீர்கள். நான் காத்திருந்தேன். மாநாட்டு வாசலில் எல்லோரும் முதலில் கேட்பது உங்கள் குரலாக இருக்க வேண்டும்." தகரத்தில் மழை கொட்டியது. யார் பேசியது என்று எனக்கே ஒரு கணம் குழப்பமாக இருந்தது. என்ன இனிமை அந்தக் கணத்தில்! 'ஐயா உங்களுக்கு அனுப்பியது' என்று எழுதி அவளுக்கு அனுப்பினேன்.

மறுநாள் அவள் கடைக்கு வந்தாள். "போவோம் நானா" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலை யாருக்கும் போட்டுக் காட்டவில்லை என்றாள். அது தனக்கு மட்டும் வந்ததாம். அந்த வாரமே தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் பெயர் கொடுத்தார்கள்.

மாநாட்டன்று அவள் நீலச் சேலை கட்டி வாசலில் நின்றாள். "வாங்க, வாங்க, உள்ள போயி உக்காருங்க!" ஒரு தடங்கலில்லை. வயதானவர்களைக் கைபிடித்து ஏற்றினாள், சத்தம்போட்டு வரிசையைத் திருத்தினாள், சிரித்தாள். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்துகொண்டு நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த காரியத்துக்காகப் பெருமைப்பட்டேன்... ஆம், பெருமை!

பிற்பகலில் தொண்டர்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். புஷ்பம் தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு அவரருகே போனாள்.

"ஐயா, நாந்தாங்க புஷ்பம். நீங்க எனக்குப் பேசி அனுப்புனீங்களே."

அவர் கனிவாகத்தான் பார்த்தார். "அப்படி எதுவும் அனுப்பிய நினைவில்லையே அம்மா."

"இருக்குங்க ஐயா! போ... போட்டுக் காட்டுறேன்."

போன் என் கையில் இருந்தது. அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை போதும். அவர் சிரித்து மன்னித்திருக்கவும் கூடும். ஆனால் அவர் முன்னால், அந்த ஒருவர் முன்னால், போலியாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. என் விரல் தானாகவே அந்தப் பதிவையும் அதனோடு நான் எழுதியதையும் தேடி அழித்தது. தானாகவே என்கிறேன், பாருங்கள்... இப்போதும் பொய்! நான்தான் அழித்தேன். பழகிய கை, மூன்று வினாடி ஆகவில்லை.

அவள் வாங்கித் தேடினாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பரவாயில்லை அம்மா" என்று அவர் அவள் தோளைத் தொட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவள் வாசலுக்குப் போகவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டர் அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மழைநாளில் கடைக்கு வந்து போனை மேசையில் வைத்தாள்.

"அ... அழிஞ்சத எடுக்க ஏலுமா நானா?"

ஏலாது என்றேன்.

"நீங்கதான அ... அனுப்புனீங்க? ஒங்க போன்ல இருக்குமே?"

அப்படி ஒன்று அனுப்பிய ஞாபகமே இல்லை என்றேன்! இதைச் சொன்ன வாய்தான் அன்றைக்கு அந்தக் குரலிலும் பேசியது.

அவள் போனை மேசையிலிருந்து எடுத்தாள். பிறகு, மெல்லக் கேட்டாள்.

"அப்ப அது... க... கனவா இருக்குமா நானா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எத்தனையோ தடவை அந்த இடத்தில் உங்களை நிறுத்திப் பார்த்துவிட்டேன். நான் சொன்னது இதுதான்:

"இருக்கும், தங்கச்சி."

தலையாட்டினாள். போனை இடுப்பில் செருகிக்கொண்டு மழையிலேயே போய்விட்டாள்.

மாநாடு நன்றாக நடந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்ததற்கும் தொண்டர்களை நான்தான் திரட்ட வேண்டுமாம்.

இன்றும் காலைகளில் அந்த மலைக்கு ஏறுகிறேன். புகாருக்குள் மரத்துக்கு மரம் அவருடைய குரல்... புஷ்பம் வெட்டுகிற வரிசையில் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. அவள் வானொலி போடுவதை நிறுத்திவிட்டாள். பட்டையில் கத்தி ஓடும் சத்தம் மட்டும் வரும். அந்த இடம் வந்ததும் என்ஜினை நிறுத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவள் நிமிர்ந்து தலையை அசைப்பாள். நானும் அசைப்பேன்.