செல்லம்மாள் பிடித்த தலையணை

செஞ்சிக் கடைத்தெருவில் வெல்லமண்டி வைத்திருந்த சொக்கலிங்கத்துக்கு இரண்டு பெண்சாதிகள். மூத்தவள் ஆதிலட்சுமி, அனந்தபுரத்துக்காரி. இளையவள் செல்லம்மாள், தளவானூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற குடும்பத்துப் பெண். மூத்தவளுக்குப் பிள்ளை இல்லை என்று, இரண்டாம் தாரத்தைத் தடுக்கும் சட்டம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் செல்லம்மாளைக் கட்டிவைத்தார்கள். அவளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. அப்போதாவது ஊர் சொக்கலிங்கத்தின் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. மூத்தவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்று தளவானூரில் பேசினார்கள். வந்தவளின் ராசி சரியில்லை என்று அனந்தபுரத்தில் பேசினார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. செல்லம்மாள் வந்த முதல் வருஷமே அவள் கடைந்த கீரையைச் சாப்பிட்டு ஆதிலட்சுமிக்கு வாந்தி எடுத்தது. அன்றிலிருந்து அவள் செல்லம்மாள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கியதில்லை. வீடு ஆதிலட்சுமி பேரில் இருந்தது. அவள் அப்பா கல்யாணத்தின்போது எழுதிக் கொடுத்தது. மூத்தவளுக்கு ஏதாவது ஆனால் வீடு யாருக்குப் போகும் என்பதைக் கடைத்தெரு அடிக்கடி யோசித்தது. செல்லம்மாளுக்கும் அது தெரியும். மூத்தவள் தும்மினால்கூட நாலு பேர் தன் முகத்தைப் பார்ப்பதை அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

செல்லம்மாள் அதிகம் பேச மாட்டாள். உயரமான, எலும்பு பெருத்த உடம்பு. வெல்ல மூட்டையை ஆம்பளை மாதிரி நகர்த்துவாள். அடுத்த வீட்டுப் பெண் ஹுசைன் பீயிடம் மட்டும் கொஞ்சம் மனசு விட்டுப் பேசுவாள்.

அறுபத்தாறாம் வருஷம் ஆதிலட்சுமிக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. சாப்பிட்ட பிறகு வரும், முதுகுப்பக்கம் ஏறும், சுருண்டு படுத்துவிடுவாள். அவளுடைய தம்பி பூவராகவன் பஸ் ஏறி வந்தான். வந்ததும் சமையல்கட்டைத்தான் முதலில் பார்த்தான்.

"மருந்து வச்சிருக்காங்க, மாமா" என்று சொக்கலிங்கத்திடம் சொன்னான். யார் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பனமலைப் பக்கமிருந்து, சோற்றில் கலந்து வைத்த இடுமருந்தை எடுக்கிறவர் ஒருவரை அழைத்துவந்தான். அவர் ஆதிலட்சுமியின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, முடிச்சுமுடிச்சாக மயிர் மாதிரி ஒன்றைத் துப்பிக் காட்டினார். கூடத்தில் இருந்த எல்லோரும் செல்லம்மாளைப் பார்த்தார்கள். அவள் அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

வலி நிற்கவில்லை. கண் மஞ்சளாகத் தொடங்கியதும் செஞ்சி டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார்: "பித்தப்பையில கல்லு இருக்குது. மெட்ராஸுக்குக் கூட்டிப்போங்க. ஆபரேஷன்தான்."

மெட்ராஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. பெண்கள் வார்டில் துணைக்கு ஒரே ஒரு பெண் இருக்கலாம் என்றார்கள். பூவராகவனின் மனைவி நிறைமாதம். அனந்தபுரத்தில் வேறு யாரும் அகப்படவில்லை.

"இவளா?" என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

"வேற யாரு இருக்காங்க சொல்லு" என்றார் சொக்கலிங்கம்.

"நானும் வர்றேன், அக்கா. வெளியில சத்திரத்துல தங்கிக்கிறேன்" என்றான் பூவராகவன். "கண்ணு வச்சிக்கினு இருப்பேன்."

ஆபரேஷன் அரைப் பகலுக்கு மேல் இழுத்தது. கல் உள்ளே ஆழமாக மாட்டியிருந்ததாம். கடைசியில் எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார்கள். எடுத்த கற்களைப் புட்டியில் போட்டு பூவராகவனிடம் காட்டினார்கள். அவன் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இது அக்காவுடையதுதானா என்று கேட்டான்.

முதல் நாள் ஆதிலட்சுமி முனகிக்கொண்டே கிடந்தாள். தண்ணீர் கொடுக்கக்கூடாது, உதட்டை மட்டும் ஈரத்துணியால் நனைக்கலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். செல்லம்மாள் நனைத்தாள். மறுநாள் காய்ச்சல் ஏறியது. மூச்சு சின்னச் சின்னதாக, நாய் இளைப்பதுபோல் வந்தது. நகம் நீலம் பூத்தது. பெரிய டாக்டர் வந்து முதுகில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரலின் அடிப்பக்கம் மூடிக்கொண்டது, சளி கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூவராகவன் வார்டு வாசலிலேயே செல்லம்மாளைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல, தம்பி."

"நீ தண்ணி குடுத்தன்னு அக்கா சொல்லுது."

"உதட்டை நனைச்சேன். நர்சம்மா சொன்னாங்க."

"பச்சத்தண்ணி. காய்ச்சாத தண்ணி. அதான் நெஞ்சுல சளி கட்டிச்சு. வயித்துல ஆபரேஷன் பண்ணா நெஞ்சு ஏன் கெடுது? சொல்லு!"

அதே கேள்வி செல்லம்மாளுக்கும் இருந்தது. அறுத்தது வயிற்றை. கெட்டது நெஞ்சு. தான் பிழிந்த துணியில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருக்குமோ என்று அவளே தன்னைச் சந்தேகப்பட்டாள்.

அன்று மத்தியானம் கமலாம்பாள் என்ற டாக்டர் வந்தாள். ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்தவள். ஒடிசலான உடம்பு, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. அவள் ஆதிலட்சுமியை நிமிர்த்தி உட்காரவைக்கச் சொன்னாள். ஒரு தலையணையை எடுத்துத் தையலின்மேல் வைத்தாள்.

"இதை ரெண்டு கையாலயும் நல்லா அழுத்திப் பிடிச்சுக்கணும். அவங்களை ஆழமா மூச்சு இழுக்கச் சொல்லுங்க. கொஞ்சம் நிறுத்தி, இருமச் சொல்லுங்க. தலையணை தாங்கிக்கும், தையல் பிரியாது. வலிக்குது, வேண்டாம்னுதான் சொல்வாங்க. விடாதீங்க. நர்சுங்க எல்லாப் படுக்கைக்கும் ஓடணும். நீங்கதான் செய்யணும்."

"அவங்க என் கையால தொட விடமாட்டாங்களே" என்றாள் செல்லம்மாள்.

"நீங்க யாரு அவங்களுக்கு?"

செல்லம்மாள் சொன்னாள். டாக்டரம்மா தலையணையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "அப்போ இன்னும் கெட்டியா பிடிங்க" என்றாள்.

ஆதிலட்சுமி தொட விடவில்லை. தலையணையைத் தள்ளினாள், நகத்தால் கீறினாள்.

"என்னெக் கொல்லப் பாக்குறியாடீ?"

"ஆமா. இருமு."

"பாவி. எங்க தம்பியக் கூப்புடு."

"கூப்புடறேன். மொதல்ல இருமு, அக்கா."

கோபத்தில் ஆதிலட்சுமி இருமினாள். வலியில் அலறினாள். செல்லம்மாள் தலையணையை விடவில்லை. மூட்டை நகர்த்திய கை. மூன்றாவது தடவை பசை மாதிரி ஒரு துண்டுச் சளி வந்து விழுந்தது. அதற்குப் பிறகு வந்த மூச்சு கொஞ்சம் நீளமாக இருந்தது. செல்லம்மாள் அதைக் கவனித்தாள். மறுபடியும் தலையணையை வைத்தாள்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் பூவராகவன் வந்தபோது கதவு பாதி திறந்திருந்தது. அவன் பார்த்தது இதுதான்: அக்கா கால்களை உதைத்துக்கொள்கிறாள், முகம் கருஞ்சிவப்பாக இருக்கிறது, இளையவள் மேலே கவிழ்ந்து ஒரு தலையணையை முழுபலத்தோடு அமுக்குகிறாள்.

அவன் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். செல்லம்மாளின் தோளைப் பிடித்து இழுத்துச் சுவரில் தள்ளினான். "கொலைகாரி! போலீசைக் கூப்புடுங்க!" பக்கத்துப் படுக்கைக்காரிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். வார்டு ஆயா ஓடிப்போய் டாக்டர் கமலாம்பாளை அழைத்துவந்தாள்.

"அதை நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் டாக்டரம்மா.

"தலகாணிய வச்சு அமுக்கவா?"

"இரும வைக்க. இப்படி வெளியில வாங்க, சொல்றேன்."

வராந்தாவில் அவள் சொன்னதை செல்லம்மாளும் சுவரோரமாக நின்று கேட்டாள்.

"உங்க அக்காவுக்கு நான் தூங்க மட்டும் மருந்து கொடுக்கல. உடம்பு அசையாம இருக்கவும் ஊசி போட்டேன். அப்போ தானா மூச்சு விட முடியாது. தொண்டையில குழாய் வச்சு, ஒரு ரப்பர் பையைக் கையால அமுக்கி அமுக்கி, நான்தான் அவங்களுக்கு மூச்சு கொடுத்தேன்."

"அப்போ எங்க அக்கா மூச்சு உங்க கையில இருந்துச்சு."

"ஆமா. நாம சும்மா இருக்கும்போதுகூட நடுநடுவுல ஒரு பெருமூச்சு விடறோம். நமக்கே தெரியாது. அதுலதான் நுரையீரலோட அடி மூலையெல்லாம் விரியும். நான் ஆபரேஷன் முழுக்க ஒரே அளவா, சின்ன மூச்சாவே கொடுத்துட்டேன். நடுவுல பெரிய மூச்சும் கொடுக்கணும்னு சமீபத்துலதான் வெளிநாட்டுல எழுதியிருக்காங்க. நானும் படிச்சேன். ஆனா கை பழகின மாதிரியே அமுக்கிச்சு. அடிப்பக்கம் சுருங்கி மூடியிருக்கலாம். அப்புறம் தையல் வலியில அவங்க மூச்சை அடக்கினாங்க, இருமல. சளி அங்கேயே தங்கிடுச்சு."

"அப்போ தப்பு உங்களுது."

"என் பங்கும் இருக்கலாம். எவ்வளவுன்னு எனக்கே தெரியல. உதட்டை நனைச்ச தண்ணியால இது வரல. அது நிச்சயம்."

பூவராகவன் அவளையே உற்றுப் பார்த்தான். ஒரு டாக்டர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு பேசி அவன் கேட்டதே இல்லை. அப்படிப் பேசினால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். செல்லம்மாள் இந்த அம்மாளைக் கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவன் முடிவு செய்தான். உண்மை கிடைத்த பிறகு அவன் சந்தேகம் ஒன்றிலிருந்து இரண்டாகியது.

"இவ இனிமே எங்க அக்காவைத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டான். டாக்டரம்மா எவ்வளவோ வாதாடிப் பார்த்தாள். சொக்கலிங்கம் மண்டியைப் பார்க்க ஊரிலேயே இருந்துவிட்டதால், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் அவன். வார்டு ஆயாவையே பார்த்துக்கொள்ளச் சொல்லி ஏற்பாடு செய்தான். செல்லம்மாள் வராந்தாவில் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்தாள். ஊருக்குப் போ என்று அவன் சொல்லியும் அவள் போகவில்லை.

ஆயா நல்லவள். ஆனால் நோயாளி வலிக்கிறது என்றதும் தலையணையை எடுத்துவிடுவாள். நர்ஸ் வந்து ஒரு தடவை இரும வைத்தாள். பென்சிலின் ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் காலையில் ஆதிலட்சுமிக்கு மூச்சு மறுபடியும் துண்டுதுண்டாகிவிட்டது. பேச்சு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

பூவராகவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"அவளெ... வரச்சொல்லு."

"யாரெ, அக்கா?"

"செல்லம்மாளெ."

"அக்கா, அவ உன்னெ—"

"அவ அமுக்கனப்ப... மூச்சு வந்துச்சுடா." கண்ணை மூடித் திறந்தாள். "வரச்சொல்லு."

அவன் வெளியே வந்து பெஞ்சுக்கு எதிரே நின்றான். உள்பக்கம் கையைக் காட்டினான். செல்லம்மாள் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் கதவருகிலேயே நின்று, அவள் கையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தான். அவள் தலையணையை வைத்தாள். "இழு, அக்கா. இன்னும். வுடாத. இப்ப இருமு." ஆதிலட்சுமி திட்டிக்கொண்டே இருமினாள். திட்டு நீள நீள மூச்சு நீண்டது. மறுநாள் நகத்தில் நிறம் வந்தது. அதற்கடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. டாக்டரம்மா முதுகில் குழாய் வைத்துக் கேட்டு, செல்லம்மாள் பக்கம் திரும்பித் தலையை மட்டும் அசைத்தாள்.

ஊர் திரும்பும்போது திண்டிவனம்வரை ரயிலில் வந்தார்கள். பூவராகவன் வேறு பெட்டி. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் ஆதிலட்சுமி, எதிரே செல்லம்மாள். வண்டி செங்கல்பட்டைத் தாண்டியதும் செல்லம்மாள் தானாகவே பேசினாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், அக்கா. அந்த மொத நாளு, தலகாணிய வச்சப்ப, கொஞ்சம் மேலே நகத்துனா போதும்னு ஒரு நெனப்பு வந்துச்சு. எங்கேந்து வந்துச்சுன்னு தெரியல."

ஆதிலட்சுமி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள். "ஒன் கையி நின்னுச்சு. நான்தான் பாத்துக்கினு இருந்தேனே."

"அப்பறம் ஏன் என்னெக் கூப்புட்ட?"

"நின்ன கையி மேலே போகல, இல்ல?" ஆதிலட்சுமி ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "அந்த எடத்துல நான் இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்பேனோ, எனக்குத் தெரியல."

இருவரும் அதைப் பற்றி மறுபடியும் பேசியதில்லை.

மூத்தவள் பிழைத்துத் திரும்பியது கடைத்தெருவுக்குப் போதவில்லை. மூத்தவளைக் காப்பாற்றியிருக்கிறாள் என்றால் வீட்டை எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். ஹுசைன் பீயிடம் வந்து துருவித்துருவிக் கேட்டார்கள். "எழுதியும் வாங்கல, ஒண்ணும் வாங்கல. அந்தப் பொம்பளய வுடுங்க" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு ஹுசைன் பீக்கும் ஏதோ பங்கு போயிருக்கிறது என்று பேசினார்கள்.

மூன்று வருஷத்தில் சொக்கலிங்கம் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு பூவராகவன் அக்காவைத் தனியே அழைத்தான். வீட்டை விற்றுவிட்டு அனந்தபுரம் வந்துவிடு, இவளோடு தனியாக இருக்காதே, எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றான். அவன் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பயந்தான். வீட்டின்மேலும் ஆசை இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"இருக்கட்டும், பூவராகவா. நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றாள் ஆதிலட்சுமி.

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா அவ பக்கத்துல இருப்பா."

அவன் அடுத்த பஸ்ஸில் போனான். இரண்டு பெண்களும் அந்த வாரமே மண்டியைத் திறந்தார்கள். ஆதிலட்சுமி தராசருகே உட்கார்ந்தாள். படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கும். அது கடைசிவரை போகவில்லை. மூட்டைகளைச் செல்லம்மாள் பார்த்துக்கொண்டாள். கரும்புக் காலம். மேல்மலையனூர்ப் பக்கமிருந்து வண்டிகள் வரிசையாக வந்து நின்றன.