கண் சிமிட்டாத முகம்

"உங்க ஆப்பு எங்களுக்கே ஆப்பு வெச்சிருச்சு சார்!" என்று கூத்தாநல்லூர் டிராவல்ஸ்காரர் போனில் கத்தினார். விசாவுக்கு முகத்தைப் படம் பிடித்து அனுப்பும் செயலி அது. கும்பகோணத்தில் உட்கார்ந்து நான் எழுதியது. அவரிடம் வந்த ஓர் அம்மாவை எத்தனை தடவை காட்டினாலும், 'உயிருள்ள முகம் தெரியவில்லை' என்றே அது சாதித்தது.

அந்த அம்மாவின் மகள் துபாயில் வாயும் வயிறுமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். மகள் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்தான் போயாக வேண்டும். படம் மகளுக்குப் போனால், அவள் அங்கே விண்ணப்பம் போடுவாள். அன்றைக்கே போகாவிட்டால் பிரசவத்துக்குள் விசா வராது.

வெளிச்சம் போதவில்லை என்றேன். லென்ஸைத் துடைக்கச் சொன்னேன். போன் மட்டம் என்று திட்டினேன். வேறு போனிலும் அதே பாட்டு. எரிச்சலோடு கூத்தாநல்லூருக்குப் பஸ் ஏறினேன்.

"வாங்க தம்பி. உங்க மிசினு உசுரோட இருக்கயிலயே என்னை மவுத்தாக்கிருச்சே!" என்று முக்காட்டைச் சரிசெய்தபடி சிரித்தார் அந்த அம்மா.

போனை ஜன்னலோரம் சாய்த்து வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. மூச்சை அடக்கி, விழியை விரித்து, சிலை மாதிரி உட்கார்ந்தார். எனக்குச் சுரீரென்றது. யாரும் போட்டோவைக் காட்டி ஏமாற்றக்கூடாது என்றுதான் செயலி கண் சிமிட்டச் சொல்கிறது. இவரோ போட்டோவாகவே உட்கார்ந்திருந்தார்.

"கண்ணைச் சிமிட்டணும்மா. அதுல போட்டிருக்கே."

"படிச்சேன் தம்பி. தப்பாப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன். பாஸ்போர்ட்டுக்கு எடுக்கயில கண்ணு மூடிட்டேன்னு ஸ்டுடியோக்காரர் அந்தக் கத்து கத்துனாரே!"

விளக்கிச் சொல்லியும் பயனில்லை. திரையைப் பார்த்ததுமே இமை விறைத்துக்கொண்டது. பாவமாக இருந்தது எனக்கு.

"அது கெடக்கட்டும்மா. மக என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவர் போனை மறந்தார். "நல்லா தைரியமாத்தான் பேசுவா தம்பி. வைக்கிறப்ப மட்டும், 'நீ வந்துருவேல்லம்மா'ங்குறா..." கண் நிறைந்து, இமை படபடவென்று அடித்துக்கொண்டது.

திரையில் பச்சை டிக் விழுந்தது. படம் போய்விட்டது.

"போயிருச்சும்மா!" என்று துள்ளினேன். அவருக்கு சந்தோஷம் வரவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதறினார்.

"அடடா, அழுத மூஞ்சியாப் போயிருச்சா? புள்ள பாத்தா பயந்துருவாளே தம்பி. சிரிச்ச மாதிரி இன்னொண்ணு எடுத்து அனுப்புங்க."